பாட்டில் கேட்ட வீடு

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு ஜெர்மன் பாட்டுக்காரனை நம்பி வீட்டை விட்டவன் நான். கேட்டால் சிரிப்பார்கள் என்று வெகு காலம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துதான் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளின் நடுவில் பொம்மிடி ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ஊரில் உபதேசியாராக இருந்தேன். கோயில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்வது, சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து சேரும்வரை ஜெபம் சொல்வது, அவர் வராவிட்டால் நானே அடக்கமும் பண்ணுவது, இதெல்லாம் உபதேசியார் வேலை. சம்பளம் என்று பேருக்கு ஒன்று உண்டு. மற்றபடி அறுப்புக் காலத்தில் களத்தோரம் போய் நின்றால் குடியானவர்கள் படி அளப்பார்கள். குடியிருக்கக் கோயில் வளாகத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை. வேலை இருக்கிறவரை அது வீடு, வேலை போனால் வெளியே.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய நேரம் அது. அதுவரை புரியாததை முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குத் திடீரென்று எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பாட்டு தேவைப்பட்டது. எனக்கு மெட்டுக் கட்ட வரும். காணிக்கைக்கு ஒன்று, நன்மை என்கிற நற்கருணை வாங்க ஒன்று, தேர் இழுக்க ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று என்று ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கட்டித் தள்ளினேன். பக்கத்துக் கோயில் பங்குகளிலிருந்தும் வந்து பாடம் பண்ணிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க என் பாட்டு, ஊரில் எனக்கு ஒரு சாண் இடமில்லை.

என் மனைவி இண்டூர்ப் பக்கம் குடியானவர் வீட்டுப் பெண். அவள் பிறந்த வீடு மண்சுவர்தான், ஆனால் சொந்தச் சுவர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "இந்த வூடு யாருதுங்க?" என்று கேட்டாள். கோயில் வீடு என்றேன். "அப்போ நம்ம வூடு எங்கீங்க?" என்றாள். நான் கோயில் மணி அடிக்கப் போய்விட்டேன். அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருக்கிற மனைவியோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கோயில் மாந்தோப்பு முடிகிற மூலையில், கல்லும் சப்பாத்திக் கள்ளியுமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. மூன்று சென்ட் இருந்தால் அதிகம். ஆடுகூட அங்கே ஒதுங்காது. அவள் கள்ளியை வெட்டி எறிந்து, கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கி, நடுவில் அவரை போட்டுப் பந்தல் கட்டினாள். ஊருக்கு அது அவரைப் பந்தல். கல் அடுக்கியிருந்த வரிசையைப் பார்த்தால் அது அஸ்திவாரத்துக்கு என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் முதல் பிள்ளை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. கோயில் கல்லறையில் வைத்திருந்தோம். பந்தலடியில் நின்றால் அந்தச் சின்னச் சிலுவை தெரியும்.

எங்கள் பங்குச் சாமியார் ஜெர்மனிக்காரர். நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். மழை பொய்த்த வருஷம் சைக்கிளில் கோதுமை மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு, எந்தக் கோயிலுக்குப் போகிற வீடு என்று பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தவர். வாந்திபேதி வந்தபோது, பெற்ற பிள்ளைகள் தள்ளி நின்ற வீட்டில் உள்ளே போய்த் துடைத்துவிட்டவர். கெட்டவனிடம் அடிபட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆற்றிக்கொள்ளலாம். நல்லவரிடம் பட்டால் திட்டவும் முடிவதில்லை.

அவருக்குத் தன் நாட்டுப் பழைய பாட்டுக்காரன் ஒருவன்மேல் தீராத பைத்தியம். அவன் கதையைத் தமிழில் எழுதி ஒரு மாதப் பத்திரிகைக்குத் தொடராக அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் தமிழ் இலக்கணமாகத்தான் இருக்கும், ஆனால் படித்தால் பல் வலிக்கும். ஆகவே சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அவர் சொல்வார், நான் ஆள் பேசுகிற தமிழில் எழுதுவேன்.

அந்தப் பாட்டுக்காரன் எந்த ஊரில் பிறந்தான் என்று யாருக்கும் தெரியாதாம். இப்போது பல ஊர்கள் எங்கள் ஊர்தான் என்று சண்டை போடுகின்றனவாம். இருந்தபோது ஒரு ஊரும் கூப்பிட்டு இடம் கொடுக்கவில்லை என்று அவரே சொன்னார். குதிரை ஏறி ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டைக்குப் போவான். பிரபு சாப்பிட்ட பிறகு பாடுவான். கொடுத்தால் புகழ்வான், கொடுக்காவிட்டால் அடுத்த கோட்டையில் போய் அவனைத் திட்டிப் பாடுவான். மகுடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்ட காலத்தில் ஒருவனைப் பாடினான், பிறகு மற்றவனைப் பாடினான், அப்புறம் மூன்றாவதாக வந்தவனையும் பாடினான். சாமியார் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். எனக்குக் கூச்சமாக இல்லை. தேர்தல் சமயத்தில் மைக் கட்டிய காரில் காலையில் ஒரு கொடிக்கும் மாலையில் வேறு கொடிக்கும் பாடிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பில் உலை வைத்தவளுக்கு எந்தக் கொடி அரிசியும் ஒன்றுதான்.

அவர்கள் பாட்டு முறை எனக்கு வேடிக்கையாக இருந்தது. எட்டாத உயரத்தில் இருக்கிற ஒரு பெரிய வீட்டுச் சீமாட்டியை நினைத்து உருக வேண்டும். அவள் பெயரைச் சொல்லக்கூடாது. அவள் திரும்பிப் பார்க்கவும் கூடாது. அவள் புருஷனும் அதே சபையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானாம். எங்கள் பக்கத்தில் அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிப் பாடினால் புளியமரத்தில் கட்டிவைத்து விசாரிப்பார்கள் என்றேன். சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இவன் அந்தச் சீமாட்டி வழக்கத்தையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டு, புல்லில் உட்காருகிற சாதாரணப் பெண்களின் அன்பைப் பாட ஆரம்பித்தான், அதனால்தான் இவன் பெரியவன் என்றார். ரோமாபுரிப் பாப்பரசரையே கண்டித்துப் பாடியிருக்கிறான் என்பதை மட்டும், மாந்தோப்பில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

ஒரு பாட்டை அவர் புத்தகத்திலிருந்து வாசித்ததும், பாடிக் காட்டுங்கள் சாமி என்றேன். மெட்டு கிடையாது என்றார். அநேகமாக அவன் மெட்டுகள் எல்லாம் தொலைந்துபோயின, சொல் மட்டும் மிஞ்சியது. அன்று எனக்கு எழுதவே ஓடவில்லை.

அவன் உயிரோடு இருந்தபோது யாராவது அவனைப் பற்றிக் குறித்துவைத்தது ஒரே இடத்தில்தானாம். பயணம் போன ஒரு பிஷப், எங்கள் வழக்கில் ஆயர், குளிருக்கு மேலங்கி வாங்கிக்கொள்ள அவனுக்குப் பணம் கொடுத்ததாகச் செலவுக் கணக்கில் இருந்த சேதி. அந்த நாட்டுக்கே பெருமையான பாட்டுக்காரனுக்கு ஒரு கோட்டு. இதைச் சொல்லிவிட்டுச் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்கு அடுத்த சாயங்காலம்தான் என் தலையெழுத்து மாறியது. அவன் வருஷக்கணக்காக ராஜாக்களிடம் ஒரே ஒரு வரம் கேட்டானாம். தனக்கென்று ஒரு வீடு, தன் அடுப்பில் தன் நெருப்பு. மனு எழுதிக் கேட்கவில்லை, பாட்டிலேயே கேட்டான். பலபேர் முன்னிலையில், ராஜா முகத்துக்கு நேராக. கடைசியில் ஒரு ராஜா இரங்கி ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவன் பாடிய பாட்டைச் சாமியார் தன் மொழியில் வாசித்தபோது குரல் தழுதழுத்தது. வீடில்லாத கவிஞனின் துயரத்தைப் போல ஒரு துயரம் உலகத்தில் இல்லை என்றார். நானும் எழுதிக்கொண்டேன்.

அந்த மூலை நிலத்தைப் பற்றி அதற்கு முன்பே நான் அவரிடம் வாயால் கேட்டிருந்தேன். நிலம் எல்லாம் ஆயர் பொறுப்பு, தன்னால் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது என்றார். ஆயருக்கு மனு போட்டேன். பதில் வரவில்லை. இப்போது ஆயரே வருகிறார். திருவிழாவுக்குத் தேரை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவதாக ஏற்பாடு. வரவேற்புப் பாட்டு கட்டுவது எப்போதும்போல் என் வேலை.

எங்கள் வழக்கப்படி வரவேற்புப் பாட்டுக்கு மூன்று சரணம். முதல் சரணத்தில் வந்தவரைப் புகழ வேண்டும். இரண்டாவதில் ஊரைப் புகழ வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு வரம் கேட்க வேண்டும். மழை, விளைச்சல், நோய் நொடி இல்லாமை, இப்படி ஊருக்குப் பொதுவாக, யாராலும் கையால் எடுத்துக் கொடுக்க முடியாத எதையாவது கேட்க வேண்டும். அதுதான் மரியாதை. எடுத்துக் கொடுக்கக் கூடியதைக் கேட்டால் அது பாட்டில்லை, பிச்சை. எனக்கும் இது தெரியும். ஆனால் ஜெர்மன்காரன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். கடைசிச் சரணத்தை இப்படிக் கட்டினேன்:

ஆட்டுக்கும் பட்டி உண்டு, ஆவுக்கும் தொழுவம் உண்டு,
பாட்டெடுத்த வாயிருக்க, படுக்க ஓர் இடமில்லை,
ஆயரே, உம் தோப்பினிலே ஓரத்தில் ஓரிடம் தாரும்.

அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த மனைவியிடம் பாடிக் காட்டினேன். மெட்டு அவளுக்குப் பிடித்தது, தலை அசைந்தது. கடைசி வரி வந்ததும் கை நின்றுவிட்டது. ஜெர்மன்காரன் கதையைச் சொன்னேன், ராஜா நிலம் கொடுத்ததைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பாட்டுல கேட்டா பாட்டுதாங்க குடுப்பாங்க," என்றாள்.

அவளுக்கு இலக்கியம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று கொட்டகை கொள்ளாத கூட்டம். ஆயருக்கு நாற்காலி, பக்கத்தில் எங்கள் சாமியார், முன்வரிசையில் ஊர்ப் பெரியதனக்காரர்கள். ஆர்மோனியத்தை இழுத்துப் பாடினேன். பின்பாட்டுப் பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். முதல் இரண்டு சரணத்துக்கு ஆயர் தாளம் போட்டார். மூன்றாவது சரணத்தில் அவரை நேராகப் பார்த்துப் பாடினேன், அவன் ராஜாவைப் பார்த்துப் பாடினதைப்போல. கொட்டகை அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் நெஞ்சு உருகிவிட்டது என்று நினைத்தேன். சாமியார் மட்டும் காதுவரை சிவந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயர் எழுந்து வந்தார். நல்ல குரல், நல்ல மெட்டு என்றார். தனக்குப் போட்டிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அத்தோடு முடிந்தது. நிலத்தைப் பற்றி அன்றும் பேச்சில்லை, என்றும் பேச்சில்லை. வெயிலுக்குக் கம்பளி கழுத்தில் குத்தியது.

பெரியதனக்காரர்கள் அன்று சாயங்காலமே கூடிவிட்டார்கள். ஆயர் ஆண்டகை முன்னால் ஊர் மானம் போய்விட்டது, உபதேசியாருக்கு நாம் சோறு போடாமல் வைத்திருக்கிறோம் என்றல்லவா நினைத்திருப்பார், பொதுக் கோயில் சொத்தை ஒருத்தன் பாட்டுப் பாடியே பட்டா போடப் பார்க்கிறான் என்று பேசினார்களாம். அவர்களைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். ஊர் வழக்கத்தை மீறினவன் நான்தான். அந்த அறுப்புக்கு ஒரு களத்திலும் எனக்குப் படி அளக்கவில்லை.

சாமியார் மறுநாள் கூப்பிட்டார். எங்கள் எழுத்து வேலை நடக்கிற அதே மேஜை. தனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது என்றார். அந்தப் பாட்டுக்காரன் செய்ததைத்தானே செய்தேன் என்றேன்.

"அவன் அரசனிடம் கேட்டான். நீர் திருச்சபையிடம் கேட்டீர். திருச்சபைக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை."

"அப்போ இந்த மாந்தோப்பு யாருதுங்க சாமி?"

"அது ஏழைகளுடைய சொத்து."

"நானும் ஏழைதானுங்களே."

அவர் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முந்தின வாரம் வீடில்லாத எந்தத் துயரத்தை வாசித்து உருகினாரோ, அதே துயரத்தை எதிரில் ஒரு கறுத்த மனிதன் தமிழில் பாடினதும் அது அசிங்கமாகிவிட்டது. எழுநூறு வருஷம் செத்துக் கிடந்தால்தான் பிச்சை கவிதையாகும் போலிருக்கிறது. கிளம்பும்போது, என்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்து ஒன்று சொன்னார்.

"பாரும், அவனுக்கும் ஓர் ஆயர்தான் மேலங்கி கொடுத்தார். உமக்கும் கிடைத்திருக்கிறது."

அந்தச் சால்வையை அன்றே மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மனைவிக்கு மார்கழிக் குளிர் ஆகாது.

பாட்டுக்காரன் தொடரில் கடைசிப் பகுதி, அவனுக்கு வீடு கிடைத்த பகுதி, அதற்குப் பிறகு எழுதப்படவே இல்லை. பத்திரிகையில் அவன் குதிரைமேல் இருக்கும்போதே கதை நின்றுபோயிற்று. பள்ளிக்கூடம் திறந்ததும் என் இடத்துக்குப் புது உபதேசியார் வந்தார். நாங்கள் மாட்டுவண்டியில் பாத்திரங்களை ஏற்றினோம். மனைவி பந்தலுக்குப் போய் முற்றின அவரையை விதைக்குப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். கல் வரிசையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் எனக்கு ஏலம் கூவுகிற வேலை கிடைத்தது. பஸ் மேலும் டிராக்டரிலும் கூடை வந்து இறங்கும். கன்னடத்தில் கேட்கிற வியாபாரிக்குக் கன்னடத்திலும், தெலுங்கில் கேட்கிறவனுக்குத் தெலுங்கிலும் விலை கூவ வேண்டும். தொண்டை நன்றாக இருக்கிறது என்று முதலாளி மெச்சினார். காணிக்கைப் பாட்டு பாடின தொண்டைதான். வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறினோம். ஒரு வீட்டுக்காரி அம்மி அரைக்கிற சத்தம் ஆகாது என்பாள், இன்னொருத்தி அவரைப் பந்தல் போட்டால் சுவர் ஈரம் குடிக்கும் என்பாள். என் மனைவி விதையை டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிட்டாள். நான் அதற்குப் பிறகு ஒரு பாட்டும் கட்டவில்லை.

பழைய ஊர்ச் சேதி அவ்வப்போது சந்தையில் கிடைக்கும். அந்த மூலை நிலத்தில் மாதா சிலைக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல கல் அங்கேயே அடுக்கி வைத்திருந்ததால் அஸ்திவாரத்துக்குச் செலவு மிச்சமாம். சொன்னவன் சந்தோஷமாகச் சொன்னான். நான் மனைவியிடம் சொல்லவில்லை. ஜெர்மன் சாமியார் வயதாகித் தன் நாட்டுக்கே திரும்பிவிட்டதாகவும், அங்கே அவருடைய துறவற சபையார் அவருக்கு அறை கொடுத்து வைத்திருப்பதாகவும் பிறகு கேட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவிக்கு மஞ்சள்காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தோம், தர்மபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், நிற்கவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றார். கல்யாணம் நடக்க வேண்டிய வீடு, உள்ளே வைக்க வேண்டாம், கோவித்துக்கொள்ளாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னார். தெருவில் பெஞ்சு போட்டு வைத்தோம். பிள்ளையின் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் வேன் பிடித்துப் பழைய ஊருக்குக் கொண்டுபோனோம்.

புதுச் சாமியாருக்கு என்னைத் தெரியாது. பாடல் குழுப் பிள்ளைகளுக்கும் தெரியாது. கல்லறையில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மாந்தோப்பு மூலையில் கெபி தெரிந்தது, நீல வண்ணம் அடித்து. பெட்டியை இறக்கும்போது பாடல் குழு பாட ஆரம்பித்தது. முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மெட்டு. நான் ஆயர் முகத்தைப் பார்த்துப் பாடின மூன்றாவது சரணம். அது மட்டும் தனிப் பாட்டாகி அடக்கப் பாட்டாக நிலைத்துவிட்டிருந்தது.

ஆட்டுக்கும் பட்டி உண்டு, ஆவுக்கும் தொழுவம் உண்டு,
பாவி நான் அலைந்து நின்றேன், படுக்க ஓர் இடமில்லை,
அன்னையே, உம் வீட்டினிலே ஓரத்தில் ஓரிடம் தாரும்.

பாட்டெடுத்த வாயை எடுத்துவிட்டுப் பாவியைப் போட்டிருந்தார்கள். எதுகையும் போயிற்று, தோப்பும் போயிற்று. அந்த ஜெர்மன்காரனுக்கு மெட்டு தொலைந்து சொல் மிஞ்சியது. எனக்கு மெட்டை வைத்துக்கொண்டு கேட்டவனை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினார்கள். கொடுக்க முடியாததைக் கேட்கிற பாட்டாக அது மாறியிருந்ததால் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

நான் வாய் மூடி நிற்பதைப் பார்த்துப் பாடல் குழுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். எனக்கும் தெரியும்படி பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

"பாட்டு தெரியலீங்களா அய்யா? பாத்துப் பாடுங்க," என்றாள்.

வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. என் மனைவிக்கு ஆறடி நீளம் இடம் கொடுத்தார்கள், மண் தள்ளினார்கள். பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். என் மனைவி அவரைக்காய் கிள்ளிக்கொண்டே சொன்னதுதான். பாட்டில் கேட்டேன், பாட்டைத்தான் கொடுத்தார்கள்.